பேனா மூடிய சத்தம்

ஜனவரி 9

இன்ஸ்பெக்டர் சாருக்கு,

உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் தள்ளிவிடுகிற ஆள் நீங்கள். தயவுசெய்து பிரித்துவிடுங்கள்.

மூன்று நாளாகப் போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. நீங்கள் எடுக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏழு வருஷம் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போனவள் நான். அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஆகிவிட்டது. கோபம் இல்லாமல் இருந்தால்தான் நான் பயப்பட வேண்டும்.

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று ஸ்டேஷனில் எல்லோரையும் விரட்டுவீர்கள். முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு 'எழுத்துல சார்' என்றே பெயர், தெரியுமோ தெரியாதோ. சரி, எழுத்திலேயே கொடுக்கிறேன்.

நான் இங்கே ஒரு சிறைச்சாலையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். எனக்கென்று ஓர் அறை உண்டு. தரையோடு திருகி வைத்த மேஜை, தரையோடு திருகி வைத்த இரண்டு நாற்காலிகள். ஜன்னலும் இருக்கிறது. அதைத் திறந்தால் அடுத்த சுவர்.

போன செவ்வாய்க்கிழமை, வேறு சிறையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. தலை முழுக்க நரை, ஆள் பாதியாகிவிட்டிருந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதானேம்மா, அன்னைக்குப் பேனாவ மூடுனவங்க?"

நம்முடைய லிஃப்ட் மெக்கானிக். கீழ்வீட்டில் தனியாக இருந்த டைப்ரைட்டிங் டீச்சரை இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றதாக, மாடியில் குடியிருந்த அவரைத்தான் நாம் உள்ளே அனுப்பினோம்.

"எந்தப் பேனா?" என்று கேட்டேன். தெரியாத மாதிரி.

"ரெண்டு மணி நேரமா நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க. சாரும் தன்மையாத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு. நீங்க பேனாவ மூடி மேஜை மேல வெச்சீங்க. அந்த நிமிஷமே சார் குரல் மாறிடுச்சு. சரி, ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க, இனி நாம எதைச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

சார், அது நம் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு என்றல்லவா நினைத்திருந்தோம்? நான் எழுதிக்கொண்டிருந்தால் 'ஆளைப் பேச விடுங்கள்' என்று அர்த்தம். பேனாவை மூடி வைத்தால் 'பக்குவமாகிவிட்டார், இனி அழுத்துங்கள்' என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைப் படித்துவிட்டார். நாம் அவரைப் படித்ததைவிடச் சரியாக.

அவர் கொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விசாரணையின் ஒலிப்பதிவை ஆரம்பத்திலிருந்து கேளுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் பழைய டாக்டரம்மா

*

ஜனவரி 20

மேடம்,

தங்கள் 9-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பிரித்தேன். படித்தேன்.

சிறையில் ஒரு ஆள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதற்காக முடிந்துபோன வழக்கைத் தோண்டச் சொல்கிறீர்கள். நாலு வருஷம் உள்ளே இருந்தால் எவனும் நிரபராதிதான். அப்படிச் சொல்லாத ஒருத்தனை நீங்கள் அங்கே கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து மாலை போடுகிறேன்.

கதவை யாரும் உடைக்கவில்லை. மாடியில் இருந்தவன் அவன் ஒருத்தன். டீச்சர் வீட்டுக்குள் சர்வ சாதாரணமாகப் போய்வந்தவனும் அவன்தான். அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், கையெழுத்துப் போட்டான். கோர்ட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'விசாரணை முறைப்படி நடந்தது' என்று அவன் கையெழுத்துக்குக் கீழே போட்டிருப்பது உங்கள் கையெழுத்து. மறந்திருந்தால் நகல் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பயிற்சிக் கல்லூரியில் நான் வருஷா வருஷம் எடுக்கிற பாடமே இந்த வழக்குதான். ஒலிப்பதிவின் கடைசிப் பதினோரு நிமிஷத்தை ஓடவிடுவேன். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். "கேட்டீங்களா? அதுதான் பேனா மூடுற சத்தம். எப்பக் கேக்கணும்னு தெரிஞ்ச ஒரு அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அதனால ஒருத்தனை அடிக்காம, மிரட்டாம உண்மை வந்துச்சு" என்பேன். நாற்பது பேர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் என்னை மறந்த பிறகும் நான் உங்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழக்குக்காக எனக்கு நடந்த பாராட்டு விழாவில் என் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். கடைசிவரை அதில் பெரிய அதிகாரியின் தொப்பிதான் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொப்பியும் நானுமாகப் படம் எடுத்துக்கொண்டோம்.

மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் என் பெயர் சொல்லும் வழக்கு இது ஒன்றுதான். அதில் வந்து நீங்கள் கை வைக்கிறீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. பேனாவை மூடியது நான் இல்லை, நீங்கள். அவன் பக்குவமாகவில்லை என்றால் ஏன் மூடினீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
இன்ஸ்பெக்டர்

*

பிப்ரவரி 2

சார்,

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்டுவிடக் கூடாதே என்றுதான் நான்கு வருஷம் இவ்வளவு தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இத்தோடு ஐந்து தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

விசாரணை அறைக்குள் போன் கூடாது என்பது உங்கள் விதி. அன்று நான் கொண்டுவந்தேன். நோட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பாவுக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை. அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் போன் செய்வார். டிவி ரிமோட்டைக் காணோம், பக்கத்து வீட்டுப் பூனை வந்துவிட்டது, மாத்திரை வெள்ளையா மஞ்சளா. அன்று மதியம் போன் அதிர்ந்தது. துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது. நான்கு தடவை சார். நான்கு தடவையும் விரலால் தடவித் துண்டித்தேன், குறிப்பெழுதிக்கொண்டே.

அந்த நேரத்தில் மெக்கானிக் என்ன சொல்லிக்கொண்டிருந்தார், நினைவிருக்கிறதா? டீச்சரின் வாசல் கதவருகே, வெளிச் சுவரில் ஒரு மணி ஸ்விட்ச் இருந்தது. அவரே மாட்டிக் கொடுத்தது. கீழே டீச்சர் அழுத்தினால் மாடியில் அவர் அறையில் மணி அடிக்கும். பாட்டில் மூடி திறக்கவில்லை, பல்பு போய்விட்டது என்று எதற்கென்றாலும் டீச்சர் அழுத்துவார், இவர் இறங்கிப் போவார். சம்பவத்தன்று சாயங்காலம் மூன்று தடவை மணி அடித்தது. இவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சாய்ந்திருந்தார். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "சும்மாதான் கூப்பிடுவாங்கன்னு விட்டுட்டேன் சார்" என்றார். அப்போது அழ ஆரம்பித்தார்.

அதே நேரத்தில் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா போயிட்டார். உன்கிட்டத்தான் கடைசியா பேசப் பார்த்தார்.'

நான் பேனாவை மூடினேன். எழுத முடியவில்லை, அதனால் மூடினேன். எழுந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது. நம் ஏற்பாடு, நீங்கள், எதிரே அழுதுகொண்டிருந்த ஆள், ஒன்றுமே நினைவில் இல்லை. உங்கள் குரல் மாறியதைக் கேட்டேன். 'சார், அது இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். பதினோரு நிமிஷம் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கையெழுத்தையும் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சாவு வீட்டில் இருக்கும்போது, அவர் ஒப்புக்கொண்ட செய்தி டிவியில் ஓடிற்று. ஒப்புக்கொண்டவர் குற்றவாளியாகத்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொள்ளக் கற்றவள்தானே நான். மற்றவர்கள் அப்படிச் சொன்னால் 'உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்' என்று எழுதிக் கொடுப்பேன்.

விழாவுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

*

பிப்ரவரி 11

மேடம்,

கிடைத்தது.

நாலு வருஷமாக நாற்பது நாற்பது பேராக உட்கார வைத்து நான் பாடம் நடத்தியது உங்கள் அப்பாவின் சாவுச் செய்திக்கு. இதை எங்கே போய்ச் சொல்வேன்?

அப்பா காலமானது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. வருந்துகிறேன்.

இனி எழுத வேண்டாம்.

*

மார்ச் 1

சார்,

எழுத வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். கீழ்ப்படியவில்லை. என் மேல் இன்னொரு குற்றமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வாரம் ஒருமுறை என்னிடம் வருகிறார். அவருக்கு நான் அதிகாரபூர்வமாக ஆலோசனை சொல்லக் கூடாது, அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவள் என்று மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன். வேறு ஆள் வரும்வரை சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்றார்கள். முதல் மூன்று வாரம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் வாரம் நான் என் பேனா கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க அப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எழுபத்து மூன்று என்றேன்.

மேல்முறையீட்டுக்கு மனுப்போடச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

"எதுக்கும்மா? நான் அடிக்கல. ஆனா மூணு தடவை கூப்பிட்டாங்க, நான் போகல. போயிருந்தா இருந்திருப்பாங்க. வெளிய போய் மட்டும் என்ன பண்ணப்போறேன்? எந்த வீட்டுல மணி அடிச்சாலும் எனக்கு அந்த மூணு தடவைதான் கேக்கும். இங்க மணியே கிடையாது, விசில்தான். அதுவே நிம்மதியா இருக்கு."

புரிகிறதா சார்? அன்று இரண்டு மணி நேரம் அவர் சொன்னது இதைத்தான். 'என்னால்தான் செத்தார்' என்றவரை 'நான்தான் கொன்றேன்' என்று சொல்ல வைத்தோம். அவர் மனசில் இரண்டுக்கும் பெரிய தூரம் இருக்கவில்லை. அந்த தூரத்தை அளப்பதற்குத்தான் என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவராக மனுப்போட மாட்டார். அப்படியென்றால் விசாரித்த அதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் கோர்ட் வழக்கை மறுபடி திறக்கும் என்று வக்கீல் சொல்கிறார். என் வாக்குமூலம் மட்டும் போதாதாம். அழுகிற நேரத்தில் பேனாவை மூடினேன் என்றால் யார் கேட்பார்கள்? ஆனாலும் என் பங்கை இம்மாதம் முப்பதாம் தேதி தாக்கல் செய்யப்போகிறேன். உங்கள் பெயர் வராமல் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. எந்த வரியை எடுத்தாலும் பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கடை கண்ணி எல்லாம் மூடிவிடுவார்கள். நான் அறையில் ஒரு டம்ளர் டீயை மூன்று தடவை சுட வைத்துக் குடிக்கிறேன். நாம் விசாரணை முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து, யார் பொய் சொன்னார்கள் என்று பந்தயம் கட்டுவோமே, அதை நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு யாருடனும் அப்படிப் பேசிச் சிரித்ததில்லை. உங்களை இழக்கப் பிடிக்கவில்லை சார். அந்த பயத்தில்தான் அவரை நான்கு வருஷம் இழக்க விட்டேன்.

*

மார்ச் 19

டாக்டரம்மா,

உங்கள் பொய்யை நிரூபிக்கத்தான் ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அங்கே இருக்கிற கிளார்க் ஒரு ஹெட்போன் கொடுத்தார். அதில் இடது காது மட்டும்தான் கேட்கும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். வகுப்பில் எப்போதும் கடைசிப் பதினோரு நிமிஷம்தானே போடுவேன். முதல் இரண்டு மணி நேரத்தை நாலு வருஷமாக நான் கேட்டதே இல்லை. ஏன் கேட்க வேண்டும்? நான்தானே அங்கே இருந்தேன்.

மணி விஷயத்தை அவர் ஆறு தடவை சொல்கிறார். ஆறு தடவையும் நான் "சரி, அது இருக்கட்டும்" என்கிறேன்.

பிறகு 'உர்' என்று ஒரு சத்தம். மேஜை மேல் எதுவோ அதிர்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. எண்ணினேன், நான்கு. ஒரு காதிலேயே இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. அன்று இரண்டு காதும் நன்றாக இருந்த எனக்கு, ஒரு கை தூரத்தில் இருந்து, கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்பா செத்துப்போனார், ஊரில் உள்ள முகத்தையெல்லாம் படிக்கிறவன் என்று பேர் வாங்கிய எனக்கு அதுகூடத் தெரியவில்லை. அதை நீங்கள் ஒருதரமும் என்மேல் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு 'டக்'.

அடுத்தது என் குரல். "இஸ்திரிப் பெட்டிய எந்தக் கையில எடுத்த?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவர்: "இஸ்திரிப் பெட்டியா சார்?"

வகுப்பில் இந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்துவேன். 'மாட்டிக்கொண்டவனின் திகைப்பு, இதைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்வேன். இப்போது முதலிலிருந்து கேட்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் இஸ்திரிப் பெட்டி என்ற பேச்சே வரவில்லை. அவர் சொல்லவில்லை, நானும் அதுவரை சொல்லவில்லை. பத்திரிகைக்கும் நாம் கொடுத்திருக்கவில்லை. அவருக்கு அது அப்போதுதான் தெரிகிறது. டீச்சர் எதனால் அடிபட்டுச் செத்தார் என்பதை அந்த மனுஷன் என் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார். அதுதான் அந்தத் திகைப்பு. மூன்றாவது நிமிஷம் "வலது கையா இருக்கும் சார்" என்கிறார். 'இருக்கும்' என்கிறார். அதற்கும் எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே உங்கள் பேனாவின் மேல் முழுப்பழியையும் போட எனக்கு வழியில்லை. நீங்கள் மூடினீர்கள், சரி. விடையைக் கேள்விக்குள் வைத்து ஊட்டியது நான்.

இன்னும் இருக்கிறது. கோப்பைப் புரட்டினேன். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் கிடைத்த ரேகை பற்றிய தாள். அதன் ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'ஒப்பிடத் தேவையில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டது.' கீழே என் கையெழுத்து. எழுத்துல குடுங்க என்று ஊரையே விரட்டினேன் அல்லவா? கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

அந்த ரேகையை நேற்று ஒப்பிட அனுப்பிவிட்டேன். முடிவு வர நாளாகும். அதற்காகக் காத்திருக்கவில்லை. கோர்ட்டுக்கு நான் எழுதிக் கொடுக்கப்போவது இன்று காலை தட்டச்சாகிவிட்டது. உங்களுடையதுடன் சேர்த்து முப்பதாம் தேதியே போகட்டும். என் மேலதிகாரியிடம் காட்டினேன். "இன்னும் ரெண்டு மாசம். கம்முனு மாலையை வாங்கிட்டு வீட்டுக்குப் போயேன்யா" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றினேன். அந்த இடம் மட்டும் சுவர் வெள்ளையாக இருக்கிறது. என் மனைவி இருந்தால் உடனே எதையாவது கொண்டுவந்து மாட்டியிருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது.

டாக்டரம்மா, நீங்கள் போன பிறகு அந்த நாற்காலிக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருமே கெட்டிக்காரர்கள். யாரோடும் நான் எந்த ஏற்பாடும் வைத்துக்கொள்ளவில்லை.

*

ஏப்ரல் 4

சார்,

'டாக்டரம்மா' என்று பார்த்ததும் கடிதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, டீ போட்டுக்கொண்டு வந்துதான் மேலே படித்தேன். நான் டாக்டர் இல்லை என்று ஏழு வருஷம் உங்களைத் திருத்தியிருக்கிறேன். இனிமேல் திருத்த மாட்டேன்.

இரண்டு வாக்குமூலமும் சேர்ந்தே தாக்கலாகிவிட்டன. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். நியாயம்தான். விசாரணை முடியும்வரை சிறைக்குள்ளும் போக முடியாது. கடைசி நாள் மெக்கானிக்கிடம் உங்கள் கடிதத்திலிருந்து இஸ்திரிப் பெட்டிப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன்.

அவர் சொன்னார்: "சார் அதைக் கேட்டப்பத்தான் எனக்கு, ஐயோ, அவங்களுக்கு வலிச்சிருக்குமேன்னு தோணிச்சு. அதுவரைக்கும் கீழ விழுந்து செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வலிக்கு முன்னால, நீ பண்ணியான்னு கேட்டா ஆமான்னு சொல்றது ஒண்ணும் பெரிசாத் தெரியல."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அவர் வெளியே வரும் நாளில் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். அவருக்கு யாரும் இல்லை. நான் போகக் கூடாது என்று உத்தரவு.

*

ஆகஸ்ட் 17

டாக்டரம்மா,

ரேகை பொருந்திவிட்டது. மின் மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லி வீடு புகுந்து திருடுகிற ஆள் ஒருவன், வேறு வழக்கில் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறான். டீச்சரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். சந்தேகம் வந்ததும் மணியை அழுத்தியிருக்கிறார். மூன்று தடவை. அவனே சொன்னான். இம்முறை விசாரித்தது நான் இல்லை.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றி, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பயிற்சிக் கல்லூரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று பூமாலை கிடையாது, பேச்சு கிடையாது. ரெக்கார்டு ரூம் கிளார்க் மட்டும் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் விஷயத்தில் ஒரு வருஷத் தடையோடு விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நேற்று முன்தினம் அவர் வெளியே வந்தார். நீங்கள் சொன்னபடி போயிருந்தேன். ஏழு மணி நேர பஸ். காலை ஒன்பதுக்குச் சின்னக் கதவைத் திறந்தார்கள். கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் ஒரு பெரிய பேச்சை ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். "மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்தோம், அப்போதும் சொல்லவில்லை. இனியும் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கில்லை.

ஊர் வந்ததும் எங்கே போகணும் என்று கேட்டேன். "டீச்சர் வீட்டுக்கு" என்றார்.

கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. மாடியில் யாரோ குடியிருக்கிறார்கள், கொடியில் துணி காய்ந்தது. கதவருகே அந்த ஸ்விட்ச் அப்படியே இருக்கிறது. பெயின்ட் அடித்தவர்கள்கூட அதைச் சுற்றித்தான் அடித்திருக்கிறார்கள். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பிறகு விரலை வைத்து ஒருமுறை அழுத்தினார்.

மேலே மணி அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அடுத்த நொடியே மாடியில் கதவு திறந்தது. ஒரு பெண், கையில் சோப்பு நுரை, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே தடதடவென்று படியிறங்கி வந்தாள். "யாருங்க? என்ன வேணும்?" என்றாள்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா. நீங்க இறங்கி வந்தீங்கல்ல, அதுக்குத்தான்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, மேலே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போதைக்கு என் வீட்டுப் பின் அறையில் இருக்கிறார். சொல்லிச் சொல்லித்தான் சம்மதித்தார். பேசுவதில்லை. இன்று காலை என் வாசல் மணியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக்கொண்டிருந்தார். அது நாலைந்து வருஷமாக அடிப்பதில்லை. அடிக்க ஆளும் இல்லாததால் நான் கவனிக்கவில்லை.

ஜனவரியில் மூன்று நாள் நீங்கள் போன் செய்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும். இதை உங்களுக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

இனி எழுத வேண்டாம் டாக்டரம்மா. என் நம்பர் மாறவில்லை. கூப்பிடுங்கள், எடுக்கிறேன்.